பீப் சத்தத்துக்கு மரியாதை

நெய்னா முகம்மதுவின் மளிகை மொத்தக் கடை சிங்கப்பூர் டன்லப் ஸ்திரீட்டில் இருந்தது. 1983ஆம் ஆண்டு தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, அந்தக் கடையின் பின்கட்டில், மிளகாய் மூட்டைகளுக்கும் மல்லி மூட்டைகளுக்கும் நடுவே, பழுப்பு நிற இரும்புப் பெட்டி ஒன்று வந்து இறங்கியது. பார்ப்பதற்குத் துணி அலமாரி போல இருக்கும். கதவைத் திறந்தால் உள்ளே பதினாறு தொலைபேசி இணைப்புகள். தேக்காவிலிருந்து ஜூரோங் வரைக்கும் உள்ள சில்லறைக் கடைக்காரர்கள் பதினாறு பேர் ஒரே நேரத்தில் சரக்குக் கேட்டுக் கூப்பிட்டாலும் பதினாறு பேரோடும் பேசலாம்.

அதுவரை கடையில் இருந்தது முதலாளி மேசைமேல் ஒரே ஒரு கறுப்பு போன்.

"என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே என் வாடிக்கைக்காரங்களுக்குக் காது தேஞ்சு போச்சு தம்பி. இந்தப் பெட்டி வேலை செய்யுமா?" என்று கேட்டார் நெய்னா முகம்மது.

"செய்யும் பாய்" என்றான் ஆம்ப்ரோஸ்.

ஆம்ப்ரோஸ் அந்தப் பெட்டியை விற்ற கம்பெனியின் தொழில்நுட்ப ஊழியன். சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. அதற்கு முன் நான்கு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தவன். அந்த நான்கு மாதமும் அவன் மனைவி பிரிஜட் ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. அதுதான் அவனுக்குப் பெரிய பாரமாக இருந்தது. இந்தப் பெட்டி சோதனையில் தேறிவிட்டால் அவன் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் பெட்டி திரும்பிப் போகும், பெட்டியோடு அவனும் போக வேண்டியதுதான். மேலாளர் மிஸ்டர் லிம் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு நிறுத்துக் கடிகாரத்தோடு வருவதாகவும் சொல்லியிருந்தார்.

சோதனை இதுதான். பதினாறு பேர் வெளியிலிருந்து ஒரே நேரத்தில் கூப்பிட வேண்டும். பத்து நிமிடம் ஓர் இணைப்பும் அறுந்துபோகக் கூடாது. அந்தப் பத்து நிமிடமும் பதினேழாவதாக ஒருவர் இடம் கிடைக்காமல் காத்திருக்க வேண்டும். இவ்வளவு நெருக்கடியிலும் பெட்டி தாங்குகிறதா என்று பார்ப்பதற்கு. பதினாறும் நிறைந்து இன்னொரு அழைப்பு வந்தால், பேசிக்கொண்டிருக்கும் பதினாறு பேர் காதிலும் மெல்லியதாக ஒரு பீப் சத்தம் கேட்கும். அது பெட்டியைச் செய்தவர்கள் வைத்த சின்ன ஏற்பாடு. ஆம்ப்ரோஸ் அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை.

பதினாறு பேருக்கு எங்கே போவது? கம்பெனியில் ஆள் தரமாட்டார்கள். ஆனால் அது அக்டோபர் மாதம், செபமாலை மாதம். ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா கோயிலில் தினமும் சாயங்காலம் செபமாலைக் குழு கூடும். குழுவின் தலைவி அல்போன்சம்மாள். தோ பாயோவில் இருக்கிறவர், ஐம்பத்தெட்டு வயது, யாருக்கு என்ன உதவி என்றாலும் கைப்பையைத் தூக்கிக்கொண்டு முதலில் கிளம்புகிறவர். ஆம்ப்ரோஸ் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவரைப் பிடித்தான்.

"பத்து நிமிஷம் போன்ல பேசணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் ஆன்ட்டி. ஆளுக்கு ஒரு நம்பர் எழுதித் தர்றேன். சும்மா இருக்கக் கூடாது, பேசிக்கிட்டே இருக்கணும்."

"யார்கிட்ட பேசறது?"

"யார்கிட்டயும் இல்ல. அங்க எடுத்துப் பலகையில வெச்சிடுவோம்."

"யாருமில்லாத எடத்துல என்னத்தைப் பேச? செபமாலை சொல்றோம். உனக்கும் ஆச்சு, எங்களுக்கும் ஆச்சு."

அப்படித்தான் திங்கள் காலை பதினாறு பேர் சிங்கப்பூரின் பதினாறு மூலைகளிலிருந்து கூப்பிட்டார்கள். கடையில் வரிசையாக மணி அடித்தது. ஆம்ப்ரோஸும் கடை எழுத்தர் முகைதீனும் ஒவ்வொரு ரிசீவராக எடுத்து மூட்டைகளின்மேல் போட்டிருந்த நீளப் பலகையில் மல்லாக்க வைத்தார்கள். பதினாறு ரிசீவரிலிருந்தும் செபமாலை கிளம்பியது. ஒருவர் முதல் மணியில் இருந்தார், ஒருவர் மூன்றாவதில், ஒருவர் ஆரம்பத்திலேயே இருமிக்கொண்டிருந்தார். மிளகாய் வாசத்துக்கு நடுவே அது தேன்கூட்டு இரைச்சல் போலக் கேட்டது. நெய்னா முகம்மது எழுந்து வந்து பார்த்தார். தொழுகிறவர்கள் பக்கத்தில் சத்தம் போடக் கூடாது என்று மூட்டை தூக்குகிறவர்களை முன்பக்கம் போகச் சொன்னார்.

முகைதீனுக்கு மட்டும் ஒரு சங்கடம். நாற்பது வருடம் கடையில் பழகிய மனிதர். ஒரு போனிலிருந்து குரல் வந்து அதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது அவரால் முடியாத காரியம். ஒவ்வொன்றாக எடுத்து, "அம்மா, யார் வேணும்? முதலாளி இருக்காரு, கூப்பிடவா?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

"முகைதீன் நானா, தொடாதீங்க. அவங்க உங்ககிட்ட பேசல" என்றான் ஆம்ப்ரோஸ்.

"யார்கிட்ட பேசறாங்க?"

ஆம்ப்ரோஸ் மேலே காட்டினான். முகைதீன் அண்ணாந்து பார்த்துவிட்டு ரிசீவரை மரியாதையாகக் கீழே வைத்தார்.

பெட்டியில் பதினாறு பச்சை விளக்குகளும் எரிந்தன. ஆம்ப்ரோஸ் முதலாளி மேசைக்குப் போய்க் கறுப்பு போனில் பதினேழாவது ஆளாகக் கூப்பிட்டான். அடுத்த நொடி ஒன்பதாம் விளக்கு அணைந்தது. பிறகு இரண்டாம் விளக்கு, பிறகு பதினொன்றாம் விளக்கு. பத்து நொடிக்குள் ஆறு விளக்குகள் போய்விட்டன. பெட்டியோடு இருந்த சின்ன அச்சு எந்திரம் கிறீச் கிறீச் என்று ஆறு முறை ஒரே வரியை அடித்துத் தள்ளியது: பிழை ஏழு.

கையேட்டைப் புரட்டினான். பெட்டி ஜப்பானில் செய்தது, கையேட்டை ஆங்கிலப்படுத்தியவரும் அங்கேயே இருந்தவர் போலிருக்கிறது. பிழை ஏழுக்கு நேரே, "மறுமுனையில் உள்ளவர் தம் சொந்த விருப்பத்தின்படி பிரிந்து சென்றார்" என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது.

"மொழிபெயர்க்கத் தெரியாத ஆளு" என்று சொல்லிக் கையேட்டை மூடினான் ஆம்ப்ரோஸ்.

அன்று சாயங்காலம் கோயிலில் அல்போன்சம்மாளைக் கேட்டான்: "போன்ல யாருக்காவது ஏதாவது தொந்தரவு இருந்துச்சா ஆன்ட்டி?"

"ஒரு தொந்தரவும் இல்ல. கணீர்னு இருந்துச்சு" என்றார் அவர். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். வீட்டில் பிரிஜட்டைக் கேட்டான். பன்னிரண்டாம் எண் அவளுடையது. "நல்லாத்தான் இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவன் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் அதுதான்.

ஆகவே கோளாறு பெட்டியில்தான் என்று ஆம்ப்ரோஸ் முடிவு செய்தான்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் மிளகாய்த் தூளைச் சந்தேகப்பட்டான். பெயின்ட் பிரஷ் ஒன்றை வைத்துப் பெட்டியின் உள்ளே ஒவ்வொரு மின்சுற்றுப் பலகையாகத் துடைத்தான். ஐம்பத்திரண்டு தடவை தும்மினான். முகைதீன் எண்ணிச் சொன்னார். எர்த் கம்பியை மாற்றினான். கரப்பான் பூச்சி இரண்டைப் பிடித்து வெளியே விட்டான். அல்போன்சம்மாள் நேரிலேயே வந்துவிட்டார், கையில் மந்திரித்த தீர்த்தக் குப்பியோடு.

"ஆன்ட்டி, மின்சாரப் பெட்டி. தண்ணி கூடாது."

"ரெண்டு சொட்டு."

"அரைச் சொட்டும் கூடாது."

அவர் யோசித்துவிட்டுக் கைப்பையிலிருந்து மாதா சுரூபம் பொறித்த சின்னப் பதக்கத்தை எடுத்து, நூலில் கோத்து, பெட்டியின் கைப்பிடியில் கட்டினார். கட்டிய பிறகுதான் இது வேறொருவர் கடை என்று நினைவு வந்து நெய்னா முகம்மதுவைப் பார்த்தார்.

"இருக்கட்டும்மா. மரியம் அன்னை எங்களுக்கும் வேண்டியவங்கதான்" என்றார் அவர். "முகைதீன், நீயும் கொஞ்சம் சாம்பிராணி போடு. ஒரு பக்கம் மட்டும் சிபாரிசு போனா நல்லாருக்காது."

பதக்கமும் சாம்பிராணியும் சேர்ந்தும் அன்றைய சோதனையில் ஒன்பது விளக்குகள் அணைந்தன. புதன்கிழமை பதினொன்று.

ஆனால் புதன்கிழமை அச்சுத் தாள்களை எல்லாம் பலகையில் பரப்பி வைத்துப் பார்த்தபோது ஆம்ப்ரோஸ் ஒன்றைக் கவனித்தான். மூன்று நாளும் முதலில் விழுவது ஒன்பதாம் எண். மூன்று நாளும் விழாமல் நிற்பது நான்காம் எண். ஆகவே பெட்டிக்குள் நான்காம் மின்சுற்றுப் பலகையைக் கழற்றி ஒன்பதிலும், ஒன்பதைக் கழற்றி நான்கிலும் செருகினான். பலகையில் கோளாறு என்றால் கோளாறும் இடம் மாற வேண்டும். மறுபடியும் எல்லோரையும் கெஞ்சிக் கூப்பிடச் சொன்னான். நான்கு அசையவில்லை. ஒன்பது முதலில் விழுந்தது.

"அப்போ பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்றான் மெதுவாக.

"நல்லா இருந்தா ஏன் தம்பி விழுது?"

"தெரியல பாய். கோளாறு அந்தப் பக்கம் இருக்கு. நாலாம் நம்பர் மட்டும் எப்படி நிக்குதுன்னு அந்த வீட்டு போனைப் போய்ப் பார்க்கணும்."

நான்காம் எண் அருளானந்தத்துடையது. துறைமுகத்தில் முப்பது வருடம் பாரந்தூக்கிகளுக்குக் கொடி காட்டியவர். ஃபேரர் பார்க்கில் ஐந்தாம் மாடி. வியாழன் காலை ஆம்ப்ரோஸ் அங்கே போய் அவர் வீட்டு போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எல்லார் வீட்டிலும் இருக்கும் அதே போன்.

"அங்கிள், நேத்து எப்படிப் பேசினீங்களோ அப்படியே ஒரு தடவை பேசிக் காட்டுங்க."

அருளானந்தம் வலக்கையில் செபமாலையை எடுத்துக்கொண்டார். இடக்கையால் ரிசீவரை எடுத்து இடக் காதில் வைத்தார்.

"அந்த பீப் சத்தம் கேட்டுச்சா?"

"என்ன சத்தம்?"

"பீப்."

"கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து சொல்லு தம்பி. அந்தக் காது போயி பத்து வருஷமாச்சு."

ஆம்ப்ரோஸ் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நகர்ந்தான். "கேக்காத காதுல ஏன் அங்கிள் போனை வெச்சீங்க?"

"நீ பேசத்தானே சொன்னே. கேக்கச் சொல்லலையே."

ஆம்ப்ரோஸ் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். பதினாறு பேரில் பீப் சத்தம் கேட்காதவர் ஒருவர். அந்த ஒருவர் மட்டும்தான் ஒரு நாளும் விழாதவர். அருளானந்தம் அவனுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். அதைக் குடித்து முடிப்பதற்குள் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

நேரே பஸ் பிடித்துத் தோ பாயோவுக்குப் போனான். அல்போன்சம்மாள் ஒன்பதாம் எண். அவர் கதவைத் திறந்ததும் கேட்டான்: "ஆன்ட்டி, அந்த பீப் சத்தம் கேட்டதும் நீங்க என்ன செஞ்சீங்க?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "அதெல்லாம் எதுக்கு இப்போ? வா, உக்காரு. இட்லி இருக்கு."

"போனை வெச்சுட்டீங்களா?"

"அதைச் சொல்லக் கூடாது தம்பி."

"ஏன்?"

"போன ஞாயித்துக்கிழமை பூசையில சாமியார் என்ன சொன்னாரு? ஆளுக்கு ஒரு சின்ன நல்ல காரியம் செய்யுங்க, செஞ்சதை யாருக்கும் சொல்லாதீங்கன்னு சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு."

"அப்புறம் என்ன? வரிசையில நிக்கறப்ப பின்னால ஒருத்தர் தொண்டையைக் கனைச்சா உனக்குத் தெரியாது? அந்த மாதிரி இருந்துச்சு அந்தச் சத்தம். யாரோ அவசரமா காத்திருக்காங்க, பாவம். நான் என்ன, செபமாலைதானே சொல்றேன், எங்க வேணும்னாலும் சொல்லலாம். எடம் விட்டேன். நான் ஒருத்தி வெச்சா பாக்கி பதினஞ்சு பேரு இருக்காங்களே, உனக்கு என்ன நஷ்டம்?"

அன்று சாயங்காலம் செபமாலை முடிந்ததும் ஆம்ப்ரோஸ் எல்லோரையும் கோயில் வளாகத்தில் நிறுத்தி வைத்து, பீப் சத்தம் கேட்டுப் போனை வைத்தவர்கள் கை தூக்கும்படி கேட்டுக்கொண்டான். முதலில் ஒரு கையும் எழும்பவில்லை. எல்லோரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அல்போன்சம்மாள் தூக்கினார். பிறகு ஒவ்வொன்றாக இன்னும் பதினான்கு கைகள் எழுந்தன. ஒரு நாள் வைக்காதவர் மறுநாள் வைத்திருந்தார். தான் மட்டும்தான் செய்தோம் என்று மூன்று நாளாக மனதுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தவர்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசிக் கை பிரிஜட்டுடையது.

"நீயுமா?" என்றான் ஆம்ப்ரோஸ்.

"நீங்க தும்மிக்கிட்டே வந்தப்பல்லாம் சொல்லிடலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சுங்க. ஆனா சொன்னா பலன் போயிடுமே."

ஆம்ப்ரோஸுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் பதினைந்து பேரும் கையைத் தூக்கியபடி குற்றவாளிகள் போல நின்றதைப் பார்க்கும்போது அது வர மறுத்தது.

"நாளைக்குக் கடைசிச் சோதனை. பீப் கேட்டாலும் வைக்காதீங்க" என்றான்.

"அது எப்படித் தம்பி?" என்றார் அல்போன்சம்மாள். "காத்திருக்கிறது யாருன்னு தெரியாம..."

"நான்தான் ஆன்ட்டி. அந்தப் பதினேழாவது ஆளு நான்தான். முதலாளி மேசையில உக்காந்து நான்தான் கூப்பிடறேன்."

கூட்டத்தில் சின்னச் சலசலப்பு எழுந்தது.

"உன்னையா பத்து நிமிஷம் காக்க வெக்கறது?"

"நீங்க எடம் விட்டா எனக்கு வேலை போயிடும். என்னைக் காக்க வெச்சாத்தான் அது எனக்கு நீங்க செய்யற உதவி."

அல்போன்சம்மாள் இதை ஒரு பக்கம், மறு பக்கம் என்று புரட்டிப் பார்த்தார். "காக்க வெக்கறதே உதவியா?"

"நான் அவரைத் தினமும் காக்க வெக்கறேன் ஆன்ட்டி. நல்லாத்தான் இருக்காரு" என்றாள் பிரிஜட்.

அதோடு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அருளானந்தம் மட்டும் என்ன முடிவாயிற்று என்று கேட்டார். அவர் எப்போதும் போலச் செய்தால் போதும் என்று வலக் காதில் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்கு மிஸ்டர் லிம் வந்தார். ஒல்லியான மனிதர், நெற்றியில் எப்போதும் ஒரு கோடு. பின்கட்டுக்குள் காலை வைத்ததும் மூன்று முறை தும்மினார். பெட்டியின் கைப்பிடியில் தொங்கிய பதக்கத்தைப் பார்த்தார், மூலையில் இருந்த சாம்பிராணிக் கரண்டியைப் பார்த்தார்.

"மூணு நாளா விழுந்துச்சு, இன்னைக்கு விழாதுங்கிறே. எந்தப் பாகத்தை மாத்தினே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"பாகம் எதையும் மாத்தல சார். ஆட்கள்கிட்ட பேசினேன்."

மிஸ்டர் லிம் நெற்றிக் கோடு ஆழமாகியது. சரியாகப் பத்தரைக்கு நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தினார்.

பதினாறு மணிகள் அடித்தன. பதினாறு ரிசீவர்களும் பலகையில் வரிசையாகப் படுத்தன. தேன்கூடு இரைய ஆரம்பித்தது. முகைதீன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எதையும் தொடுவதில்லை என்று முதலாளிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஆம்ப்ரோஸ் கறுப்பு போனில் கூப்பிட்டான். பீப் போகத் தொடங்கியது. ஒவ்வொரு பீப்புக்கும் பதினைந்து குரல்கள் ஒரு கணம் தயங்கி, பிறகு முன்னைவிடச் சத்தமாகத் தொடர்ந்தன. அந்தத் தயக்கத்தில் எவ்வளவு கஷ்டம் இருந்தது என்று ஆம்ப்ரோஸுக்குத் தெரிந்தது. அருளானந்தத்தின் குரல் மட்டும் தயங்காமல் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு நிமிடம். நான்கு. ஆறு. பதினாறு விளக்குகளும் பச்சை.

ஏழாவது நிமிடத்தில் ஒன்பதாம் ரிசீவரில் செபமாலை நின்றது. அல்போன்சம்மாள் யாருடனோ பேசுவது கேட்டது. அவர் வீட்டு போன் அன்று காலையில் பார்த்துப் பழுதாகியிருந்தது. ஆகவே அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் காசு போடும் போனிலிருந்து கூப்பிட்டிருந்தார். பிறகு அவர் குரல் ரிசீவரில் நேராக வந்தது.

"ஹலோ. அங்க யாராவது இருக்கீங்களா? செபம் இல்ல, நெசமாவே கேக்கறேன்."

முகைதீன் முதலாளியைப் பார்த்தார். நெய்னா முகம்மது தலையை அசைத்தார். முகைதீன் பாய்ந்து எடுத்தார்.

"சொல்லுங்கம்மா, இருக்கேன்."

"அய்யா, என் பின்னால ஒரு தம்பி நிக்குது. அண்ணாதுரைன்னு பேரு. எங்க புளோக்குக்குப் பெயின்ட் அடிக்குது. அது பொஞ்சாதியைக் காலையில கேகே ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு, தலைப்பிரசவம். பத்தரைக்கு மேல போன் பண்ணிக் கேக்கச் சொன்னாங்களாம். இதுக்கு டீ டைம் பத்து நிமிஷம்தான், போர்மேன் விடமாட்டான். இங்க இருக்கறது ஒரே போன், அதை நான் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். வைக்க மாட்டேன்னு ஆம்ப்ரோசுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அது அழுவுறதைப் பாத்தா எனக்கு நிக்க முடியல. நீங்களே அங்கருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுச் சொல்றீங்களா? பொண்ணு பேரு தமிழரசி."

முகைதீன் சுற்றுமுற்றும் பார்த்தார். பதினாறு போன்களும் பலகையில் செபம் சொல்லிக்கொண்டிருந்தன. மீதி இருப்பது முதலாளி மேசையில் இருந்த கறுப்பு போன். அது ஆம்ப்ரோஸின் கையில் இருந்தது.

"காப்பிக் கடை போனுக்கு ஓடட்டுமா?" என்றார்.

"அங்க நாலு பேரு வரிசையில நிப்பான்" என்றார் நெய்னா முகம்மது.

எட்டு நிமிடம் பத்து நொடி. ஆம்ப்ரோஸ் பச்சை விளக்குகளைப் பார்த்தான். தோ பாயோவில் பெயின்ட் பூசிய முகத்தோடு அழுதுகொண்டிருக்கும் ஒருவனை அவன் பார்த்ததில்லை, இனிப் பார்க்கப்போவதும் இல்லை. இன்னும் ஒரு நிமிடம் ஐம்பது நொடி. அதற்குள் என்ன ஆகிவிடும் என்று ஒரு மனம் சொன்னது. அந்த டீ நேரம் முடிந்துவிடும் என்று இன்னொரு மனம் சொன்னது. பதினைந்து பேர் மூன்று நாள் யாரென்றே தெரியாத ஆளுக்காகப் போனை வைத்தார்கள். அந்த ஆள் அவன்தான்.

ஆம்ப்ரோஸ் போனை வைத்தான். பீப் நின்றது.

"ஏன் வெச்சே?" என்றார் மிஸ்டர் லிம்.

ஆம்ப்ரோஸ் அதற்குள் எண்ணைச் சுழற்றிவிட்டான். மருத்துவமனையில் ஒருவர் எடுத்து, இன்னொருவரிடம் கொடுத்து, அவர் தாதியைக் கூப்பிடப் போனார். கடையில் எல்லோரும் காத்திருந்தார்கள். மிஸ்டர் லிம் கடிகாரத்தைப் பிடித்தபடி நின்றார். நெய்னா முகம்மது அவர் பக்கத்தில் போய் மெதுவாக விஷயத்தைச் சொன்னார், பாதி ஆங்கிலத்தில், பாதி மலாயில்.

"பெண் குழந்தை" என்றான் ஆம்ப்ரோஸ். "மூணு கிலோ நூறு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

முகைதீன் அதை ஒன்பதாம் ரிசீவருக்குள் சொன்னார். சொன்ன சத்தத்துக்குப் போனே தேவைப்பட்டிருக்காது. தோ பாயோவிலிருந்து ஒரு கூச்சலும், ஏதோ தகர வாளி உருளும் சத்தமும், அல்போன்சம்மாளின் "அய்யோ என் சேலை" என்ற குரலும் கேட்டன.

ஆம்ப்ரோஸ் போனை வைத்தபோதே அச்சு எந்திரம் கிறீச்சென்று ஒரு வரி அடித்திருந்தது. மிஸ்டர் லிம் தாளைக் கிழித்துப் படித்தார். அழைப்பு பதினேழு, பிழை ஏழு. கையேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். மறுமுனையில் உள்ளவர் தம் சொந்த விருப்பத்தின்படி பிரிந்து சென்றார். அதை இரண்டு தடவை படித்தார்.

"சோதனை தேறல" என்றார்.

"தெரியும் சார்."

"பெட்டி விடல. நீ விட்டே."

"ஆமா சார்."

மிஸ்டர் லிம் பெட்டியைப் பார்த்தார். பதினாறு விளக்குகளும் இன்னும் பச்சையாகவே இருந்தன. யாரும் வைக்கவில்லை. வைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லையே.

"பூஜ்யத்திலிருந்து. இன்னும் பத்து நிமிஷம்" என்றார்.

ஆம்ப்ரோஸ் கறுப்பு போனை எடுக்கப் போனான். மிஸ்டர் லிம் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.

"நீ வேணாம்லா. இன்னொரு குழந்தை பிறந்தா மறுபடியும் வெச்சிடுவே. நான் காத்திருக்கேன்."

ஆம்ப்ரோஸ் பலகை நெடுக ஓடினான். ஒவ்வொரு ரிசீவராகக் குனிந்து, இன்னும் பத்து நிமிடம் என்று சொன்னான். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. இரண்டாவது செபமாலையை ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்பதாம் ரிசீவரில் மட்டும் ஒரு தடங்கல்.

"தம்பி, எங்கிட்ட பத்துக் காசு ஒண்ணுதான் பாக்கி. மூணு நிமிஷத்துக்கு மேல ஓடாதே." பின்னால் யாரோ ஏதோ சொல்வது கேட்டது. "இரு, இரு. இந்தத் தம்பி பையில இருந்த சில்லறை மொத்தத்தையும் கொட்டிட்டு மேல ஓடுது. ஒவ்வொண்ணுலயும் பெயின்ட். போனுக்குள்ள போகுமான்னு தெரியல."

போயிற்று. ஒவ்வொரு தடவையும் ஒரு காசை அவர் நகத்தால் சுரண்டுவதும், பிறகு அது டக்கென்று விழுவதும் கேட்டது.

மிஸ்டர் லிம் பத்து நிமிடம் கறுப்பு போனைக் காதில் வைத்து, யாரும் இடம் தராத ஒலியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது நிமிடத்தில் தும்மல் வந்தது. போனை விடாமல் தும்மினார். முகைதீன் ஒரு கோப்பை இஞ்சி டீயைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தார். ஒரு விளக்கும் அணையவில்லை.

கடிகாரம் பத்தைத் தொட்டது. மிஸ்டர் லிம் போனை வைத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நிரந்தரம் என்று போட்ட தாளில் கையெழுத்துப் போட்டு ஆம்ப்ரோஸிடம் கொடுத்தார். நெற்றிக் கோடு அப்படியேதான் இருந்தது. "கையேட்டை எழுதின ஆளுக்கு மொழிபெயர்ப்பு நல்லாத் தெரியும்" என்றார். பிறகு டீயை எடுத்துக் குடித்தார்.

ஆம்ப்ரோஸ் ஒவ்வொரு ரிசீவரிலும் முடிந்துவிட்டது என்று சொல்லி, பிரிஜட்டின் பன்னிரண்டாம் எண்ணில் மட்டும் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஏதோ சொன்னான். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அணைந்த உடனே வேறு அழைப்புகளுக்காக மறுபடி எரிந்தன. தேக்கா, ஜூரோங், புக்கிட் தீமா. அந்த வாரம் முழுக்கக் காத்திருந்த கடைக்காரர்கள் மிளகாயும் கடலைப் பருப்பும் கேட்டார்கள். முகைதீன் கை வலிக்கப் பதில் சொன்னார்.

நான்காம் ரிசீவரில் மட்டும் செபமாலை போய்க்கொண்டிருந்தது.

"அங்கிள், முடிஞ்சிடுச்சு" என்று ஆம்ப்ரோஸ் மூன்று தடவை கத்திப் பார்த்தான். "அங்கிளுக்குக் கேக்காது பாய். லைனை நானே எடுத்து விடறேன்."

"வேணாம் தம்பி" என்றார் நெய்னா முகம்மது. "அவரு முடிக்கட்டும். பதினஞ்சு லைன் இருக்கு, கடைக்கு அது போதும்."

அருளானந்தம் நிதானமானவர். ஒரு மணியையும் விழுங்கமாட்டார். முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. கடைசிச் செபம் வந்ததும் முகைதீன் ஜூரோங் கடைக்காரரிடம் ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு, பலகையின் மேல் குனிந்து, அந்தக் கேளாத காதுக்குள் "ஆமீன்" என்று சொல்லி, ரிசீவரை மெதுவாக எடுத்து வைத்தார்.